பேசும் முழவும் சொற்கட்டும்: தமிழ் – மேற்கு ஆப்பிரிக்கத் தாள மரபுகளின் கூட்டிசை

ஆய்வுச் சுருக்கம்

இந்திய, ஆப்பிரிக்க இசைக் கலைஞர்களின் கூட்டு முயற்சிகளைப் பற்றிப் பேசுவோர், ‘இரு மரபிலும் முழவு பேசுகிறது’ என்னும் ஒற்றுமையையே பெரிதும் எடுத்துரைக்கின்றனர். அப்பேச்சு இரு மரபிலும் ஒரே தன்மையது அன்று என்பதையும், அவ்வேறுபாட்டை உணர்ந்தபோதே கூட்டிசை பொருளுடையதாகும் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கடம், உடுக்கை, சொற்கட்டு, யோருபா, எவே, பேசும் முழவு, தாளம்.

முன்னுரை

1992-ஆம் ஆண்டு வழங்கப்பெற்ற கிராமி விருதுகளில், சிறந்த உலக இசைத் தொகுப்பிற்கான விருது முதன்முறையாக இடம்பெற்றது. அதனைப் பெற்ற தொகுப்பு ‘பிளானட் டிரம்’ (1991). அமெரிக்க முழவிசைக் கலைஞர் மிக்கி ஹார்ட் ஒருங்கிணைத்த இத்தொகுப்பில், நைசீரியாவின் பாபாதுண்டே ஒலாதுஞ்சி, சிக்கிரு அடெபோஜு, பிரேசிலின் ஐர்ட்டோ மொரைரா, புவேர்ட்டோ ரிக்கோவின் ஜியோவன்னி ஹிடால்கோ, இந்தியாவின் ஜாகிர் உசேன் முதலியோருடன் தமிழகக் கடக் கலைஞர் விக்கு விநாயக்ராமும் பங்கேற்றார். 1970-களில் ‘சக்தி’ இசைக்குழுவின் வழியாகக் கடத்தை உலக மேடைக்குக் கொண்டுசென்றவர் அவர். தமிழ்த் தாள மரபும் யோருபாத் தாள மரபும் ஒரே இசைத் தொகுப்பில் சந்தித்த குறிப்பிடத்தக்க நிகழ்வாக இதனைக் கொள்ளலாம்.

‘ஆப்பிரிக்க இசை’ என ஒன்றில்லை. ஒவ்வொரு மொழியினத்திற்கும் தனித்த இசை மரபு உண்டு. எனவே இக்கட்டுரை நைசீரியாவின் யோருபா மரபையும் கானா, டோகோ நாடுகளில் வாழும் எவே மக்களின் மரபையும் மட்டுமே எடுத்துக்கொள்கிறது.

முழவின் பேச்சு: இரு வகை

யோருபா ஒரு தொனி மொழி. மேல், நடு, கீழ் என மூன்று தொனிகள் அதில் பொருளை வேறுபடுத்துகின்றன. ‘ஒக்கொ’ என்னும் சொல் ஒரு தொனியமைப்பில் கணவனையும், மற்றொன்றில் மண்வெட்டியையும், இன்னொன்றில் ஊர்தியையும் குறிக்கும். ‘துந்துன்’ எனப்படும் இடை சுருங்கிய முழவின் நாண்களைக் கையால் அழுத்தும்போது சுருதி உயர்கிறது, தளர்த்தும்போது தாழ்கிறது. இவ்வாறு கலைஞர் மொழியின் தொனிகளையே முழவில் எழுப்புகிறார். அரசரின் புகழையும் பழமொழியையும் வாழ்த்தையும் கேட்போர் சொற்களாகவே உணர்வர். தொனி ஒன்றாயினும் பொருள் பலவாக அமையும் இடங்களில், வழக்கிலுள்ள தொடர்கள் ஐயத்தை நீக்குகின்றன.

தமிழ் மரபின் சொற்கட்டு இதற்கு மாறானது. ‘தகிட’, ‘தகதிமி’, ‘ததிங்கிணதொம்’ என்பன அகராதிப் பொருள் உடையன அல்ல. விரலடிகளையும் கால அளவுகளையும் நினைவில் நிறுத்துவதற்கு வாய் உருவாக்கிக்கொண்ட ஒலிகள் அவை. யோருபா மரபில் மொழி முழவுக்குள் செல்கிறது; தமிழ் மரபில் முழவு வாய்க்குள் வருகிறது எனலாம். முன்னதில் பேச்சு மூலம், அடி அதன் நகல். பின்னதில் அடியே பொருள், சொல் அதன் பெயர். கூட்டிசையில் ஒருவர் பேச மற்றவர் விடையளிப்பதாக நாம் கேட்பது, உண்மையில் பொருளுடைய தொடருக்குக் கணக்கால் தரப்படும் மறுமொழியாகும்.

கருவியமைப்பும் இதனை உறுதிசெய்கிறது. கடத்தின் சுருதி சூளையிலேயே நிலைபெற்றுவிடுவதால், வேறு சுருதி வேண்டுமாயின் வேறு கடத்தைத்தான் எடுக்க வேண்டும். வாயை வயிற்றோடு பொருத்தியும் விலக்கியும் கும்கியொலியை மாற்ற இயலுமேயன்றி, துந்துனைப்போல் தொனியைப் பின்தொடர இயலாது. எனவே கடம் யோருபாத் தொடரின் பொருளை ஏற்பதில்லை. அதன் கால அளவை ஏற்று வளர்க்கிறது. நைசீரியாவின் இக்போ மக்களிடம், பக்கவாட்டில் துளையிட்ட ‘உடு’ என்னும் மட்குடக் கருவி வழங்குவதும் இங்கு ஒப்பு நோக்கத்தக்கது.

தாளமும் மணியும்

தமிழ்நாட்டுக் கச்சேரி மரபில் தாளம் தட்டுதல், விரல் எண்ணுதல், வீச்சு ஆகியவற்றால் கையில் காட்டப்படுகிறது. அதன் அட்சரங்கள் சம அளவின. எவே மரபில் ‘கங்கோகுயி’ என்னும் இரட்டை இரும்பு மணி, பன்னிரண்டு துடிப்புகளுக்குள் ஏழு அடிகளைச் சமமற்ற இடைவெளியில் ஒலிக்கிறது: 2+2+1+2+2+2+1. எல்லா முழவுகளும் பாடலும் ஆடலும் இம்மணியைச் சார்ந்தே நிற்கின்றன.

மிருதங்கம் பயின்ற ஒருவர் இதனை எளிதில் கணக்கிடலாம். முதல் மூன்று அடிகள் ஐந்து, ஏனைய நான்கு அடிகள் ஏழு. அதாவது கண்டமும் மிசிரமும் சேர்ந்த பன்னிரண்டு. திசிர நடையில் ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனம் இருபத்து நான்கு மாத்திரை கொண்டதாதலின், மணியின் இரு சுற்றுகள் அதில் மிகச் சரியாகப் பொருந்தும்.

ஆயினும் இக்கணக்கு பாதி உண்மையே. எவே ஆடுநரின் கால்கள் அப்பன்னிரண்டை மும்மூன்றாகப் பகுத்து நான்கு சம அடிகளாக உணர்கின்றன. மணியின் சமமின்மையும் காலின் சமமும் ஒருங்கே நிகழ்வதுதான் அவ்விசையின் உயிர். தமிழ்க் கலைஞர் நடைகளை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றிக் காட்டுவார். எவே குழுவில் அவை வெவ்வேறு கைகளில் ஒரே நேரத்தில் நிகழும். ஐந்து, ஏழு என்னும் எண்ணிக்கை மட்டும் எஞ்சினால், கூட்டிசை ஒரு மரபின் இலக்கணத்தில் மற்றொரு மரபை அடக்குவதாக முடியும்.

கூட்டிசைக்கு வெளியே நிற்கும் உடுக்கை

துந்துனுக்கு மிக நெருங்கிய தமிழ்க் கருவி கடம் அன்று, உடுக்கையே. இடை சுருங்கிய உடலும், நாண்களை அழுத்திச் சுருதியை மாற்றும் முறையும் இரண்டிற்கும் பொது. துந்துன் வளைந்த கோலாலும் உடுக்கை விரல்களாலும் ஒலிக்கப்படுவதே முதன்மை வேறுபாடு. தில்லைக் கூத்தப்பெருமானின் வலக்கையில் நாம் காண்பதும் இவ்வடிவினதே. புறநானூற்றின் 335-ஆம் பாடல் துடியனைப் பழங்குடிகளுள் ஒருவனாகச் சுட்டுகிறது. மாரியம்மன் வழிபாட்டிலும், கொங்கு நாட்டில் அண்ணன்மார் கதை பாடுவதிலும் உடுக்கை இன்றும் வழங்குகிறது. கதைப்பாடகர் தம் குரலின் ஏற்ற இறக்கத்திற்கு இயைய நாணை அழுத்துவதனால், மொழிக்கும் முழவுக்கும் உள்ள உறவு இங்குத் துந்துனை அணுகி நிற்கிறது. எனினும் தமிழ் தொனி மொழி அன்று. ஆதலின் உடுக்கை சொல்லைச் சுட்டாது, உணர்வையே சுட்டும்.

உலக மேடையை எட்டும் வாய்ப்பு பெரும்பாலும் கச்சேரிக் கருவிகளுக்கே அமைந்தது. கோயில், கிராமக் கருவிகளின் கலைஞர்கள் இவ்வுரையாடலில் போதிய இடம் பெறவில்லை. ஒப்பாய்வு தேடும் ஒற்றுமை எங்கு மிகுதியோ, அங்கு ஆய்வு குறைவாக உள்ளது.

முடிவுரை

உண்மையான கூட்டிசைக்கு ஒரு நாள் ஒத்திகை போதாது. அமெரிக்காவின் வெசுலியன் பல்கலைக்கழகத்தில் டி. ரங்கநாதன் மிருதங்கமும், கானா நாட்டு ஆபிரகாம் அட்சென்யா மேற்கு ஆப்பிரிக்க முழவிசையும் கற்பித்தனர். ஒரே வளாகத்தில் இரண்டையும் பயிலும் அத்தகைய வாய்ப்பு தமிழகத்திலும் தேவை. 1929 முதல் இசைக்கல்வி வழங்கிவரும் அண்ணாமலை நகரும், தமிழிசை வளர்க்கும் பிற நிறுவனங்களும் உடுக்கைக் கலைஞர்களின் வாசிப்பைப் பதிவுசெய்து, யோருபா முழவிசையோடு ஒப்பிடும் பணியை மேற்கொள்ளலாம். ‘இரண்டும் ஒன்றே’ என்னும் முடிவோடு தொடங்கும் கூட்டிசையில் எண்ணிக்கையில் வல்ல மரபே ஓங்கி ஒலிக்கும். ஒவ்வொன்றும் எவ்வாறு பேசுகிறது எனக் கேட்டபின் தொடங்குவதில் இரு மரபின் கலைஞர்க்கும் சம இடம் கிடைக்கும்.