ஒரே ஏரி, நான்கு பயணம்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷிப்ட் பார்ப்பவரானாலும் பூந்தமல்லியில் கடை வைத்திருப்பவரானாலும், நம் பக்கத்துக் குடும்பங்களின் சுற்றுலாத் திட்டம் பெரும்பாலும் ஒன்றுதான். மே மாதம் பள்ளி விடுமுறை விட்டதும் ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ ஒரு பயணம். கூட்டமும் அறை வாடகையுமாகச் சேர்ந்து வருடச் சேமிப்பைக் கரைத்துவிடும். 2024 மே 7 முதல் அந்த இரண்டு ஊர்களுக்கும் இ-பாஸ் வேறு கட்டாயம்.

அதே பணத்தையும் விடுப்பையும் நான்காகப் பிரித்துக்கொண்டால், பக்கத்திலிருக்கும் ஒரு மலை ஏரிக்கு ஆண்டு முழுக்கப் போய்வரலாம். அதற்குத் தோதான இடம் ஏலகிரி.

எப்படிப் போவது?

பூந்தமல்லியில் பெங்களூரு நெடுஞ்சாலையைப் பிடித்தால் ஸ்ரீபெரும்புதூர், வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வழியாக நான்கைந்து மணி நேரத்தில் மலையடிவாரம். ரயில் என்றால், ஆவடி, அம்பத்தூர் வழியாகச் செல்லும் தடத்திலேயே ஜோலார்பேட்டை ஜங்ஷன் இருக்கிறது. அங்கிருந்து மலைக்குப் பேருந்து உண்டு. ஏறும் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். அவற்றுக்குத் தமிழ்ப் புலவர்களின் பெயர்களையும் பாரி, ஓரி போன்ற வள்ளல்களின் பெயர்களையும் சூட்டியிருக்கிறார்கள். பிள்ளைகளைப் பலகை பார்த்துப் படிக்கச் சொன்னால், மலை ஏறுவதற்குள் ஒரு தமிழ்ப் பாடம் முடிந்துவிடும்.

சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் அத்தனாவூரை ஒட்டிப் புங்கனூர் ஏரி. துடுப்புப் படகும் மிதி படகும் உண்டு. கரையைச் சுற்றி நடக்கப் பாதையும் இருக்கிறது.

எப்போது, எதற்கு?

*ஜனவரி, பிப்ரவரி:* காலையில் ஏரி மேல் பனி படிந்திருக்கும். மங்கலம் கிராமத்திலிருந்து சுவாமிமலை உச்சிக்கு ஏற ஏற்ற பருவம். வானம் தெளிவாக இருப்பதால், காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி கொண்ட வைணு பாப்பு வான் ஆய்வகத்தையும் திட்டத்தில் சேர்க்கலாம். பார்வையாளர் நேரத்தை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

*மே, ஜூன்:* பலாப்பழக் காலம். சாலையோரத்தில் பழத்தைப் பிளந்து சுளை எடுத்து விற்பார்கள். கோடை விழாக் கூட்டம் வேண்டாம் என்றால் வார நாளில் போங்கள்.

*ஆகஸ்ட், செப்டம்பர்:* மாலை மழையில் மலை பச்சை பிடிக்கும். அறைகளும் சுலபமாகக் கிடைக்கும்.

*நவம்பர், டிசம்பர்:* ஜலகாம்பாறை அருவியில் தண்ணீர் விழும் காலம். கனமழை எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

இப்படிப் பிரித்துப் போவதால் நமக்கு மட்டும் லாபமில்லை. மே மாதத்தில் மட்டும் கூட்டம் குவிந்தால் மலையில் குப்பையும் தண்ணீர்த் தட்டுப்பாடும்தான் மிஞ்சும். ஆண்டு முழுக்கச் சீராக ஆட்கள் வந்தால், பழம் விற்பவருக்கும் சிறு உணவகம் நடத்துபவருக்கும் எல்லா மாதமும் வருமானம் இருக்கும்.

அடுத்த ஆண்டுக் காலண்டர் கைக்கு வந்ததும் நான்கு தேதிகளைக் குறித்து, விடுப்புக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் பாட்டிலை மட்டும் வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள்.