பேர் சொல்லிக் கூப்பிடுங்கள்!

முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன், சகோதரிகளே.

சிதம்பரத்தில் மேல வீதிக்குப் பின்னால் எங்கள் வீடு. எதிர்வீட்டு அக்காவுக்கு ஒரே பிள்ளை. 14 வயது. பிறவியிலேயே டவுன் சிண்ட்ரோம். தெருப் பிள்ளைகள் சாயங்காலம் பந்து விளையாடும்போது திண்ணையில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருப்பான். ஒருநாள் என் பையன் அவனையும் ஆட்டத்துக்கு இழுத்து வந்துவிட்டான். நான் வாசலுக்கு ஓடி, "டேய், உள்ளே வாடா! அவன் தள்ளிவிட்டுடுவான்" என்று கத்தினேன்.

அக்கா அப்போது வாசல் தெளித்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிள்ளையின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டார். அவன் அதுவரை யாரையும் தள்ளியதில்லை என்பது எனக்கே தெரியும்!

சில மாதம் கழித்து அந்த அக்காவே வந்தார். "கடலூர்ல இவங்களுக்கெல்லாம் விளையாட்டுப் போட்டியாம். அவருக்கு லீவு கிடைக்கலை. நீ கூட வாயேம்மா." மறுக்க எனக்கு ஏது முகம்? பையனையும் அழைத்துக்கொண்டு கிளம்பினேன். புதுச்சத்திரம் தாண்டி, திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, கெடிலம் பாலம் கடந்து மஞ்சக்குப்பம் அண்ணா விளையாட்டரங்கம் போய்ச் சேர்ந்தோம்.

எங்கள் பிள்ளைக்கு 50 மீட்டர் ஓட்டம். விசில் ஊதியதும் மற்றவர்கள் ஓட, இவன் நின்று வேடிக்கை பார்த்தான். என் பையன் கோட்டுக்கு வெளியே நின்று அவன் பேரைச் சொல்லிக் கத்தினான். பக்கத்தில் இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். சிரித்துக்கொண்டே ஓடி வந்தான். கடைசிதான். ஆனால் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இத்தனை பேர் அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை."

எங்கே ஆரம்பித்தது?

அங்கே இருந்த டீச்சர் அம்மாள் ஒருவர் நிறைய விஷயம் சொன்னார். முன்பு 'மனவளர்ச்சி குன்றியவர்' என்றோம். இன்று 'அறிவுசார் குறைபாடு உடையவர்' என்கிறோம். இவர்களுக்காகவே உள்ளது ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ். பாராலிம்பிக்ஸ் வேறு, இது வேறு. அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் தங்கை யூனிஸ் கென்னடி ஷ்ரைவர்தான் இதைத் தொடங்கியவர். அவருடைய அக்கா ரோஸ்மேரிக்கு அறிவுசார் குறைபாடு இருந்தது. யூனிஸ் 1962-ல் தம் வீட்டுத் தோட்டத்திலேயே இப்படிப்பட்ட குழந்தைகளைக் கூட்டி விளையாட வைத்தார். 1968 ஜூலையில் சிகாகோவில் முதல் போட்டி நடந்தது.

நம் நாட்டில் 'ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் பாரத்' 2001 முதல் இயங்குகிறது. 2023-ல் பெர்லினில் நடந்த உலகப் போட்டியில் நம் பிள்ளைகள் வாங்கிய பதக்கம் எத்தனை தெரியுமா? 202!

இதில் எனக்குப் பிடித்தது அவர்கள் பிரிக்கும் முறை. வயது மட்டுமல்ல, திறமையும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பவர்களையே ஒரு பிரிவில் ஓட விடுகிறார்கள். அதனால் மெதுவாக ஓடும் பிள்ளைக்கும் ஜெயிக்க வழி உண்டு. குறைபாடு உள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒரே அணியில் சேர்ந்து ஆடும் போட்டிகளும் இருக்கின்றன. நம் தெருவில் நடக்க வேண்டியது இதுதானே?

வீட்டிலேயே தொடங்கலாம்

* 2 வயதிலிருந்தே பழக்கலாம். துணிப்பந்தை உருட்டிப் பிடிப்பது, கோலமாவால் நீளக் கோடு போட்டு அதன் மேல் நடப்பது போதும்.
* ஒரு சமயத்தில் ஒரே ஒரு விஷயம் சொல்லுங்கள். வாயால் சொல்வதைவிடச் செய்து காட்டுங்கள்.
* 'போச்சே' என்று ஓர் ஆட்டம். சிறு பந்து ஒன்றை முன்னால் போட்டுவிட்டு, மற்றப் பந்துகளை அதன் கிட்டே போய் நிற்கும்படி உருட்ட வேண்டும். பேர்தான் போச்சே, ஆடினால் ஒன்றும் போகாது!
* டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இருதயக் கோளாறு இருக்கும். சிலருக்குக் கழுத்தெலும்பு மூட்டு தளர்வாக இருக்கும். டாக்டரிடம் காட்டாமல் குட்டிக்கரணம், தலைகுப்புறத் தண்ணீரில் பாய்வது கூடாது.
* வலிப்பு வரும் பிள்ளையைத் தனியாக நீந்த விடவே கூடாது.

அரசு நடத்தும், உதவும், அங்கீகரித்த பள்ளிகள் இந்தப் பிள்ளைகளைப் பாகுபாடில்லாமல் சேர்த்து, மற்றவர்களோடு சமமாக விளையாட்டிலும் வாய்ப்புத் தரவேண்டும் என்று 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது. 'உங்க பிள்ளை ஓரமா உட்காரட்டும்' என்று யாராவது சொன்னால், தயங்காமல் இதை எடுத்துச் சொல்லுங்கள். அடையாள அட்டைக்கும் உதவிகளுக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

திரும்பும்போது பஸ்ஸில் அந்தப் பிள்ளை என் பையன் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான். "அக்கா, அன்னைக்கு நான் கத்தினது..." என்று இழுத்தேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "நீ கத்தினதுகூடப் பரவாயில்லைம்மா. மறுநாள் அவன் திண்ணைக்கே வர மாட்டேன்னுட்டான். அதுதான் தாங்கலை" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

இப்போது எங்கள் தெரு ஆட்டத்தில் அவனும் உண்டு. அவனுக்கு மட்டும் பந்தை உருட்டித்தான் போட வேண்டும் என்று பிள்ளைகளே சட்டம் போட்டிருக்கிறார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நாம் வாசலில் நின்று கத்தாமல் இருந்தால் போதும், அவர்களுக்கே தெரிகிறது.

உங்கள் தெருவிலும் திண்ணையில் உட்கார்ந்து கைதட்டும் பிள்ளை ஒன்று இருக்கலாம். இன்று சாயங்காலமே அதன் பேரைச் சொல்லி ஆட்டத்துக்குக் கூப்பிடச் சொல்லுங்கள்.