அவன் அடம் பிடிக்கவில்லை!



மூன்று வருடங்களுக்கு முன் என் அக்காவிடம் ஒரு வார்த்தை சொன்னேன். "நீ செல்லம் கொடுத்துத்தான் புள்ளையைக் கெடுத்துட்டே!" அக்கா பதில் பேசவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கொட்டிய வார்த்தையை அள்ள முடியுமா? அதனால்தான் இந்தக் கட்டுரை.

அன்னவாசல் பஸ் ஸ்டாண்டில் ஏர் ஹாரன் அடித்தால் போதும், அக்கா மகன் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்து அலறுவான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். ஏழு வயதில் நாலைந்து வார்த்தைதான் பேச்சு. 'காத்து கருப்பு' என்றார் ஒருவர். 'வளர்ப்பு சரியில்லை' என்றார் இன்னொருவர். 'ஆட்டிசம்' என்று டாக்டர் சொன்ன பிறகுதான் நான் அதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன்.

வளர்ப்புக் கோளாறா? இல்லவே இல்லை. 1943-ல் லியோ கானர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதி இதை உலகுக்கு விளக்கினார். அதன்பின் பல ஆண்டுகள், பாசமில்லாத தாய்தான் காரணம் என்று மேல்நாட்டு நிபுணர்களே பேசினார்கள்! ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையான பெர்னார்ட் ரிம்லண்ட் 1964-ல் நூல் எழுதி அதை மறுத்தார். மூளை வளரும் விதத்திலேயே உள்ள வேறுபாடு இது. பரம்பரைக்கு இதில் பெரும்பங்கு உண்டு.

தடுப்பூசியால் வருகிறதா? 1998-ல் வெறும் 12 குழந்தைகளை வைத்து வெளியான கட்டுரை கிளப்பிய பயம் அது. வெளியிட்ட 'லான்செட்' இதழே 2010-ல் அதை விலக்கிக்கொண்டது. டென்மார்க்கில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை ஆராய்ந்து 2019-ல் வந்த முடிவு: தொடர்பு இல்லை.

அடமா, திமிரா? நம்ம பாஷையில் சொல்கிறேன். ஆம்ப்ளிஃபையரில் கெயினைக் கூட்டி வைத்தால் சின்னச் சத்தமும் காதைக் கிழிக்கும். அவனுக்கு அந்த ஹாரன் அப்படித்தான்.

பேச்சு வராவிட்டால் அறிவில்லையா? அமெரிக்காவின் டெம்பிள் கிராண்டினுக்கு மூன்று வயதிலும் பேச்சு வரவில்லை. பின்னாளில் பேராசிரியர் ஆனார். மாடுகள் மிரளாமல் நடக்க வளைவுப் பாதைகளை வடிவமைத்தார். வாடிவாசல் பார்த்து வளர்ந்த நமக்கு அதன் அருமை தெரியும்! அதற்காக எல்லோரும் மேதை என்று நினைப்பதும் தப்பு. சிலருக்கு வாழ்நாள் முழுக்கத் துணை வேண்டும்.

மாத்திரையில் குணமாகுமா? ஆகாது. 'கல்யாணம் பண்ணினால் சரியாகும்' என்பதும் பொய். சிறுவயதிலேயே பேச்சுப் பயிற்சியும் செயல்முறைப் பயிற்சியும் தொடங்கினால் பலன் உண்டு. 1995-ம் ஆண்டுச் சட்டத்தில் இல்லாத ஆட்டிசத்தை 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் சேர்த்துக்கொண்டது. ஆகவே அடையாள அட்டை கேட்பது சலுகை அல்ல, உரிமை!

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, ஒர்க்‌ஷாப்பில் போடும் காதுமூடி ஒன்றை வாங்கிப் போய் அவனுக்கு மாட்டிவிட்டேன். அழாமல் பஸ் ஏறினான். அக்காவிடம் அன்றுதான் மன்னிப்புக் கேட்டேன்.

தோழர்களே! நாளைக்கு நீங்கள் போகும் பஸ்ஸில் ஒரு பிள்ளை காரணமில்லாமல் அலறினால் அந்தத் தாயை முறைக்காதீர்கள். எழுந்து இடம் கொடுங்கள். அது போதும்!

– இறுதியாண்டு மாணவன், மின்னணுவியல் பிரிவு