குட்டி யானை வாங்க உண்டியல் குலுக்கலாமா?

வெள்ளம் வந்தா இறங்குற தன்னார்வ மீட்புக் குழு ஒண்ணு, தனக்குன்னு ஒரு வண்டி வாங்க எப்படிப் பணம் திரட்டுறது? இன்னைக்கு அதைத்தான் பேசப்போறோம்.

2023 டிசம்பர், மிக்ஜாம் மழை. எம்.கே.பி. நகர், வியாசர்பாடி பக்கமெல்லாம் தெருவுல தண்ணி நாள்கணக்கா நின்னுச்சு. சில கிலோமீட்டர் தள்ளி காசிமேட்டுல படகும் இருக்கு, ஓட்டத் தெரிஞ்ச ஆளும் இருக்காங்க. படகை உள்ள கொண்டுவர வண்டிதான் வேணும். 2015 வெள்ளத்துல நம்ம மீனவர்கள் படகை லாரியில ஏத்தி ஊருக்குள்ள வந்துதான் ஜனங்களை மீட்டாங்க. 2018-ல கேரளாவுலயும் இதே கதைதான்.

அதனால ஃபோர் வீல் டிரைவ் கனவை ஓரம் வைங்க. ஃபைபர் படகு பெருசு, அதுக்கு லாரிதான். காத்தடைக்கிற ரப்பர் படகுன்னா ஒரு குட்டி யானை போதும்.

சரி, காசு? மழை வாரத்துல போஸ்ட் போட்டா பணம் கொட்டும், ஆனா அந்த வாரத்துல வண்டி வாங்கிப் பேர் மாத்த முடியாது. ஏப்ரல்ல கேட்டா யாருக்கும் வெள்ளம் ஞாபகம் இருக்காது. இதுக்கு ஒரு பழைய விடை இருக்கு. பிரிட்டன்ல ஆர்.என்.எல்.ஐ. 1824-ல ஆரம்பிச்ச தொண்டு நிறுவனம், கடல்ல தவிக்கிறவங்களைப் படகுல போய் மீட்கிறவங்க. 1886-ல ஒரே விபத்துல அவங்க படகுக்காரங்க 27 பேர் இறந்துட்டாங்க. அதுக்கப்புறம் 1891-ல மான்செஸ்டர் தெருக்கள்ல மீட்புப் படகுகளை ஊர்வலமா இழுத்துட்டுப் போய்க் காசு திரட்டினாங்க. மான்செஸ்டர்ல கடலே கிடையாது! படகைக் கண்ணால பார்த்ததும் ஜனங்க கொடுத்தாங்க. நம்ம ஏரியாவுலயும் மே மாச ஞாயித்துக்கிழமை ஒண்ணுல இதைச் செய்யலாமே.

ஆனா வசூல் யார் பேருல? ஒரு பையனோட ஜிபே நம்பர்ல மட்டும் வேண்டாம். நாளைக்கு நட்பும் போகும், கணக்கும் போகும். டிரஸ்ட் பதிவு பண்ணி, பான் எடுத்து, தனி வங்கிக் கணக்கு தொடங்குங்க. ஆர்சியும் டிரஸ்ட் பேருலயே இருக்கணும். 80ஜி வாங்கினா கொடுக்கிறவங்களுக்கு வரிச்சலுகை உண்டு, ஆனா 2,000 ரூபாய்க்கு மேல ரொக்கமா கொடுத்தா கிடையாது. புது வரி முறையில இருக்கிறவங்களுக்கும் கிடையாது. ஐடி நண்பர்கள்கிட்ட அதை முன்னாடியே சொல்லிடுங்க.

பெரிய தொகைன்னா சிஎஸ்ஆர். பேரிடர் மேலாண்மை அந்தப் பட்டியல்லயே இருக்கு, உள்ளூர்ப் பகுதிக்கு முன்னுரிமை தரணும்னும் சட்டம் சொல்லுது. மணலியும் எண்ணூரும் பக்கத்துலயே இருக்கு. ஆனா கம்பெனிங்க உங்க மூலமா வேலை செய்யணும்னா, உங்களுக்கு மூணு வருஷ அனுபவம் இருக்கணும்.

அந்த மூணு வருஷம் என்ன பண்றது? வண்டி வாங்காதீங்கன்னுதான் நான் சொல்வேன். சும்மா நிக்கிற வண்டிக்கும் இன்சூரன்ஸ், எஃப்சி, பேட்டரி, டயர்னு செலவு ஓடும். பக்கத்து ஸ்டாண்டுல இருக்கிற குட்டி யானைக்காரர் அண்ணன்கிட்ட பேசுங்க. முட்டளவு தண்ணியில இறங்க அவர் ஏன் தயங்குறாரு? இன்ஜின் போச்சுன்னா பொழப்பு போச்சு. கேரள அரசு படகுக்கு நாளைக்கு 3,000 ரூபாயும் எரிபொருளும் அறிவிச்சப்போ, சேதமான படகுக்கு உதவுறதாவும் சொல்லுச்சு. அதே மாதிரி, முதல்ல திரட்டுற பணத்தை அவரோட இன்ஜினுக்கான உத்தரவாதமா தனியா ஒதுக்கி, எவ்வளவு வரைக்கும் தருவோம்னு ஒரு தாள்ல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க. அக்டோபருக்கு முன்னாடி.