தெருவிலிருந்து வந்த குறள்

தமிழ்க் கவிதை ஓசையிற் பிறந்தது. ஏட்டில் ஏறியது பின்னர்தான். இதை மறந்தவர்களே, "சொல்லிசையும் ஓர் இலக்கியமா?" என வினவுகின்றனர். அவர்களுக்கு விடையாக, அறிவும் ஓஃப்ரோவும் 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட 'தெருக்குறள்' என்னும் இசைத்தொகுப்பைக் காட்டுவேன்.

அறிவு அரக்கோணத்தைச் சேர்ந்த கவிஞர். கானாவையும் ராப்பையும் கலந்து, 2018 சனவரியில் சென்னையில் மேடையேறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவில் பாடிப் புகழ்பெற்றவர். அமெரிக்கக் கறுப்பின மக்கள் வளர்த்த ஹிப்ஹொப் தாளத்திலே, பேச்சுக்கும் பாட்டுக்கும் இடையிலுள்ள வரம்பை அழித்துவிடுகிறார்.

குறிகட்டுவான் இறங்குதுறையில் நயினாதீவுப் படகுக்குக் காத்திருந்த மாணவர் சிலரின் கைத்தொலைபேசியில்தான் அத்தொகுப்பின் 'கள்ள மௌனி'யை நான் முதலிற் கேட்டேன். அநீதி கண்டும் வாய்மூடியிருப்போரைச் சாடும் பாடல் அது. எதுகையும் மோனையும் வகுப்பறையில் நாம் கற்பித்தவையே. அங்கே அவை சினத்தின் வேகத்தில் ஓடின. இதனைப் பிரசாரம் என ஒதுக்குவோரும் உளர். பாரதி பாடியதில் பிரசாரம் இல்லையோ?

வரவேற்பின் மெய்யான சோதனை பின்னரே வந்தது. 2021 மார்ச்சில் 'எஞ்சாய் எஞ்சாமி' வெளியாயிற்று. சந்தோஷ் நாராயணனின் இசையில், பாடகி தீயுடன் பாடிய அறிவே வரிகளையும் எழுதினார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழகம் திரும்பிய அவருடைய பாட்டி வள்ளியம்மாளின் நினைவு அதில் உண்டு. மலையக மக்களின் துயரை, 1964ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் என ஒரு வரியிற் படித்த நம் மாணவருக்கு, அது ஒரு மூதாட்டியின் குரலாகவே கேட்டது.

அதே ஆண்டு ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' சஞ்சிகையின் அட்டையில் தீயும், யாழ்ப்பாணத்திற் பிறந்த ஷான் வின்சென்ட் டி போலும் இடம்பெற்றனர், அறிவு இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் வெளிப்படையாகக் கண்டித்தார். எதிர்ப்பு வலுத்த பின்னரே அறிவுக்கும் ஓர் அட்டை கிடைத்தது. நம்மூரவர் அட்டையில் நின்றாரென நாம் மகிழ்வது இயல்பு. எனினும், நிலமற்றோரின் பாட்டை எழுதியவனுக்கே அப்பாட்டில் இடமில்லை என்றாற் பொறுக்கலாமா?

இது பிறர் குறை மட்டுமன்று. நம் நாட்டார் பாடற் தொகுதிகளைப் புரட்டிப் பாருங்கள். தொகுத்தவர் பெயர் அட்டையில் இருக்கும். பாடிய கிழவியின் பெயர் பெரும்பாலும் இராது. சொல்லை உள்ளே அழைத்து, சொன்னவரை வாசலில் நிறுத்தும் வழக்கம் பழையது. ஆசிரியர்கள் 'தெருக்குறளை' வகுப்பிற் கேட்பிக்கட்டும். அதற்கு முன், எழுதியவனின் பெயரைக் கரும்பலகையில் எழுதட்டும்.