தாராபுரத்துக்காரன் பார்த்த முதல் ரயில்

தாராபுரத்துக்கு ரயில் கிடையாது. ஈரோட்டிலிருந்து எங்க ஊர் வழியாகப் பழனிக்குப் பாதை போடப்போறாங்கன்னு பல வருஷமாப் பேச்சு. பேச்சு மட்டும் எந்த ஸ்டாப்பிங்கிலும் நிற்காமல் ஓடுகிறது!

அதனால் எங்க ஊர்ப் பையன்கள் பல பேருக்கு முதல் ரயிலே கோவை வ.உ.சி. பூங்காவின் குட்டி ரயில்தான். முழுப்பரீட்சை லீவில் மாமன் கூட்டிப்போவார். பல்லடம் வழியாக சுமார் 80 கிலோமீட்டர் பஸ்; போய் இறங்கி ஒரே ஒரு ரவுண்டு ரயில். பி.காம். மூளையோடு கணக்குப் போட்டால் சுத்த நஷ்டம். "இன்னொருக்கா போலாம் மாமா" என்றால், "ஏங் கண்ணு, இதென்ன மெட்ராஸுக்கா போகுது? சுத்திச் சுத்தி இங்கதான வருது!" என்பார். ஆனாலும் டிக்கெட் எடுத்துவிடுவார்.

அப்புறம் மிருகக்காட்சி சாலை. குரங்கு, பாம்பு, புள்ளிமான், கூழைக்கடா. (மாமன் பாஷையில், கொக்குக்குப் பெரியப்பன்!) எங்களுக்கு அது பெரிய காடாகத் தெரிந்தது. மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்துக்கு அப்படித் தெரியவில்லை. போதிய இடமில்லை என்று 2022-ல் அங்கீகாரத்தை ரத்து செய்தது.

எனக்கும் வருத்தம்தான். ஆனால் நியாயத்தைச் சொல்லுங்கள் சார், லீவு நாளில் நாம் ஒரு மணி நேரம் வேடிக்கை பார்க்க, அதுகள் வருஷம் பூரா கம்பிக்குள் நிற்கணுமா? அதுவும் யார் பெயரில்? 1908 முதல் 1910 வரை இதே கோவைச் சிறையில் செக்கிழுத்தவர் பெயரில்!

புள்ளிமான்களை சிறுவாணி அடிவாரக் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். மாமனுக்கு போன் போட்டுச் சொன்னேன்.

"அப்படியா? நல்ல தண்ணி குடிக்கும், போ!" என்றார்.