பழைய கார் வாங்கப் போகிறீர்களா?

கோவையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் என்னையும் கூட்டிப் போவார்கள். பெயின்ட் பளபளப்பை நான் பொருட்படுத்துவதில்லை. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்ப்பேன். அதில் சேற்றுக் கறை இருந்தால், வெள்ளத்தில் நின்ற வண்டியாக இருக்கலாம். சென்னையில் 2015, 2023 வெள்ளங்களில் மூழ்கிய கார்கள் ஏராளம். தரைவிரிப்பைத் தூக்கி, சீட் போல்ட்டில் துரு ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். என்ஜின் ஆறியிருக்கும்போதே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். சூடான என்ஜின் பல கோளாறுகளை மறைத்துவிடும்.

அடுத்தது காகிதம். ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண்ணை வண்டியில் பொறித்திருப்பதோடு ஒப்பிடுங்கள். வங்கிக் கடன் பதிவாகியிருந்தால், தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் கைக்கு வராமல் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள்.

விற்பவர்களுக்கும் சொல்கிறேன்: படிவம் 29, 30-ல் கையெழுத்துப் போட்டு டீலரிடம் கொடுத்ததும் வேலை முடிந்துவிடாது. ஆர்.டி.ஓ. பதிவில் பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால், இழப்பீட்டுப் பொறுப்பு பதிவு உரிமையாளருக்கே என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெயர் மாறிவிட்டதைப் பரிவாகன் இணையதளத்தில் நீங்களே பார்த்து உறுதிசெய்யுங்கள். டீலர் ஏமாற்றினால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தயங்காமல் புகார் கொடுங்கள்.